மூணாம் வகுப்பில் கணக்கில் புலி... ஆனால் பெரியவரான பிறகு கண்டுபிடிப்பாளர் ஆகாதது ஏன்? 12 லட்சம் பேரை ஆராய்ந்த ஆய்வு சொல்வது என்ன?

மூன்றாம் வகுப்பு படிக்கும் இரண்டு குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கும் கணக்கு நன்றாக வரும், மார்க்கும் ஒரே மாதிரி. ஒரு குழந்தையின் வீடு நல்ல வசதி. இன்னொரு குழந்தையின் வீட்டில் வருகிற சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போய்விடும். முப்பது வருஷம் கழித்து, இந்த இரண்டு பேரில் யார் ஒரு புது இயந்திரத்தையோ மருந்தையோ கண்டுபிடித்து காப்புரிமை வாங்கியிருப்பார்?

"திறமைதானே முக்கியம், ரெண்டு பேருக்கும் ஒரே வாய்ப்புதான்" என்றுதான் நாம் நினைப்போம். அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, அப்படி இல்லை என்று புள்ளிவிவரத்தோடு காட்டியிருக்கிறது. கம்பெனிகள், அரசுகள், ஸ்டார்ட்அப் முதலீட்டாளர்கள் எல்லோரும் 'இன்னோவேஷன்' என்று பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்தப் புதுமை எந்த வயதில், எங்கே தொடங்குகிறது என்பதற்கு இந்த ஆய்வு ஒரு பதில் வைத்திருக்கிறது.

ஆய்வை நடத்தியது யார்? எப்படி?

ஆய்வுக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ராஜ் செட்டி. தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த இவர் டெல்லியில் பிறந்து, ஒன்பது வயதில் பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர். அலெக்ஸ் பெல், சேவியர் ஜாரவெல், நெவியானா பெட்கோவா, ஜான் வான் ரீனன் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 2019-ல் வெளியானது.

அவர்கள் செய்தது இதுதான். காப்புரிமைப் பதிவுகளில் இருக்கும் சுமார் 12 லட்சம் கண்டுபிடிப்பாளர்களின் விவரத்தை, அடையாளம் நீக்கப்பட்ட வருமான வரிப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்தார்கள். இதன்மூலம் ஒரு கண்டுபிடிப்பாளர் சின்ன வயதில் எந்த ஊரில் வளர்ந்தார், அவருடைய பெற்றோரின் வருமானம் என்ன என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடிந்தது. நியூயார்க் நகரப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு மூன்றாம் வகுப்பு கணக்குத் தேர்வு மதிப்பெண்கூட கையில் இருந்தது.

கிடைத்த முடிவு: வருமானத்தில் மேல்தட்டு 1 சதவீதக் குடும்பங்களில் பிறந்த குழந்தைகள் கண்டுபிடிப்பாளர் ஆகும் வாய்ப்பு, வருமானத்தில் கீழ்ப்பாதியில் இருக்கும் குடும்பங்களின் குழந்தைகளைவிட 10 மடங்கு அதிகம்.

அப்போ கணக்கு மார்க்குக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் கணக்கில் சிறந்து விளங்கிய குழந்தைகள்தான் பின்னாளில் அதிகமாகக் கண்டுபிடிப்பாளர் ஆகிறார்கள். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதே அளவு மார்க் வாங்கிய ஏழைக் குழந்தைக்கு அந்த வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. பணக்காரக் குழந்தைக்கும் ஏழைக் குழந்தைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில், சின்ன வயது கணக்கு மார்க்கை வைத்து விளக்க முடிகிற பகுதி மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான்.

பெண் குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். மூன்றாம் வகுப்பில் ஆண் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 1980-ல் பிறந்த அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களில் பெண்கள் சுமார் 18 சதவீதம்தான். இப்போது குறைகிற வேகத்திலேயே போனால் இந்த இடைவெளி சரியாக 118 வருஷம் ஆகும் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

சரி, மீதி எங்கிருந்து வருகிறது?

இதுதான் ஆய்வின் மையம். சின்ன வயதில் குழந்தை எதைப் பார்த்து வளர்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஓர் உதாரணம். பாஸ்டன் நகரில் இன்று வேலை பார்க்கும் இரண்டு பேர். ஒருவர் சிலிக்கான் வேலியில் வளர்ந்தவர், இன்னொருவர் மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் நிறுவனங்கள் நிறைந்த மினியாபொலிஸ் பகுதியில் வளர்ந்தவர். முதல் நபர் கம்ப்யூட்டர் துறையிலும், இரண்டாமவர் மருத்துவக் கருவித் துறையிலும் காப்புரிமை வாங்கும் வாய்ப்பு அதிகம். இப்போது இருவரும் ஒரே ஊரில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் சின்ன வயதில் தெருவிலும் பக்கத்து வீட்டிலும் பார்த்த தொழில் அவர்களை விடவில்லை.

கண்டுபிடிப்பாளர்கள் நிறைய இருக்கும் பகுதிக்கு சின்ன வயதிலேயே குடிபெயர்ந்த குழந்தைகளுக்கும் இந்த வாய்ப்பு கூடுகிறது. ஒரு துறையில் பெண் கண்டுபிடிப்பாளர்கள் அதிகம் இருக்கும் ஊரில் வளரும் பெண் குழந்தை, அதே துறையில் கண்டுபிடிப்பாளர் ஆகும் வாய்ப்பு அதிகம். அந்த ஊரில் ஆண் கண்டுபிடிப்பாளர்கள் மட்டும் நிறைய இருந்தால் அவளுக்கு அந்தப் பலன் கிடைப்பதில்லை. "நம்மள மாதிரி ஒருத்தங்க இதைச் செய்றாங்க" என்று கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது.

பொதுவான பள்ளித் தரம் மட்டும் காரணமாக இருந்தால், அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாத் துறையிலும்தான் முன்னேறியிருக்க வேண்டும். குறிப்பிட்ட அதே துறை, குறிப்பிட்ட அதே பாலினம் என்று பலன் இவ்வளவு துல்லியமாக இருப்பதால், முன்மாதிரி மனிதர்களும் அறிமுகங்களும்தான் முக்கியக் காரணமாக இருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இப்படி வாய்ப்பே தெரியாமல் போன திறமைசாலிகளை அவர்கள் 'தொலைந்துபோன ஐன்ஸ்டீன்கள்' என்று அழைக்கிறார்கள். பெண்கள், சிறுபான்மையினர், ஏழை வீட்டுக் குழந்தைகள் எல்லோரும், வசதியான வெள்ளையின ஆண்களின் அதே விகிதத்தில் கண்டுபிடிப்பில் இறங்கினால், அமெரிக்காவில் கண்டுபிடிப்புகளின் வேகம் 4 மடங்காகும் என்பது அவர்கள் மதிப்பீடு. வரியைக் குறைத்து ஊக்கம் தருவதைவிட இந்தக் குழந்தைகளுக்குக் கண்டுபிடிப்பு உலகத்தைக் காட்டுவது அதிகப் பலன் தரலாம் என்றும் சொல்கிறார்கள். காரணம் எளிமையானது. அப்படி ஒரு பாதை இருப்பதே தெரியாத பிள்ளைக்கு வரிச் சலுகை எப்படிப் போய்ச் சேரும்?

கோவையிலும் திருவண்ணாமலையிலும் பார்க்கலாம்

இது அமெரிக்கத் தரவு. ஆனால் 'பார்த்ததிலிருந்துதான் யோசனை வரும்' என்பதற்கு தமிழ்நாட்டிலேயே கண்ணெதிரே சாட்சி இருக்கிறது.

மலிவு விலை சானிட்டரி நாப்கின் இயந்திரத்தை உருவாக்கிய அருணாசலம் முருகானந்தம் 14 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். மார்க் ஷீட்டை வைத்துப் பார்த்தால் அவர் கண்டுபிடிப்பாளர் பட்டியலிலேயே வரமாட்டார். ஆனால் அவர் வேலை பார்த்தது வெல்டிங் பட்டறையில். ஊரோ மோட்டார், பம்ப், கிரைண்டர் என்று இயந்திரத்தோடு வாழும் கோயம்புத்தூர். ஒரு இயந்திரத்தைப் பிரித்து, சுருக்கி, குறைந்த செலவில் வேறு மாதிரி செய்யலாம் என்ற தைரியம் அங்கே ஒரு வெல்டருக்கு வருவதில் ஆச்சரியம் இல்லை. 2016-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இன்னொருவர் திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர். தெருவில் இஸ்திரி போடுகிறவர்கள் கரியை எரிப்பதைப் பார்த்துத்தான், சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டி யோசனை அவருக்கு வந்தது. 2021-ல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் அவர் பேசினார். அந்த இஸ்திரி வண்டியைத் தினமும் எத்தனையோ பேர் பார்த்திருப்போம். 'இது ஏன் இப்படியே இருக்கணும்' என்று கேட்டது ஒரு பள்ளிக் குழந்தை.

பரிசு கொடுத்தால் ஆர்வம் கூடுமா?

குழந்தைக்கு வாய்ப்பைக் காட்டியாச்சு. அடுத்து நாம் செய்வது என்ன? "நல்லா வரைஞ்சா சாக்லேட்", "ஃபர்ஸ்ட் வந்தா சைக்கிள்". இதைப் பற்றியும் ஆய்வு இருக்கிறது, அது கொஞ்சம் பழையது.

1973-ல் மார்க் லெப்பர் உள்ளிட்ட உளவியலாளர்கள், கலர் ஸ்கெட்ச் பேனாவில் வரைவதில் ஏற்கனவே ஆர்வமாக இருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது பிரிவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை.

ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் சும்மா பேனாக்களை வைத்துவிட்டு கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள், மற்ற இரண்டு பிரிவினர் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். விளையாட்டாக இருந்தது வேலையாக மாறியதும் ஆர்வம் போய்விட்டது.

2011-ல் எலிசபெத் பொனாவிட்ஸ், லாரா ஷுல்ஸ் குழுவினர் வெளியிட்ட இன்னொரு ஆய்வு ஆசிரியர்களை யோசிக்க வைக்கும். ஒரு பொம்மை. அதற்குள் ஒலி எழுப்பும் குழாய், விளக்கு, இசை, கண்ணாடி என்று நான்கு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. சில குழந்தைகளிடம் "இந்த பொம்மை இப்படித்தான் வேலை செய்யும், பாருங்க" என்று ஒன்றை மட்டும் செய்து காட்டினார்கள். வேறு குழந்தைகள் முன்னால் அதே விஷயம் தற்செயலாக நடந்ததுபோல் காட்டினார்கள்.

பாடம் எடுக்கப்பட்ட குழந்தைகள் அந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். மற்ற குழந்தைகள் பொம்மையைக் குடைந்து, மீதி விஷயங்களையும் அதிகமாகக் கண்டுபிடித்தார்கள். 'டீச்சர் இவ்வளவுதான் காட்டினாங்க, அப்போ இதுல இவ்வளவுதான் இருக்கு' என்று குழந்தை புத்திசாலித்தனமாகவே முடிவு செய்கிறது. சொல்லித் தருவது தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு விஷயத்தை வேகமாகக் கற்றுக்கொடுக்க அதுதான் வழி. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது.

கம்பெனிகளிலும் இதே கதைதான்

குழந்தைகளிடம் பார்த்த இந்த விஷயம், பெரியவர்களின் ஆபீஸிலும் அப்படியே நடக்கிறது.

அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ஊழியர்கள் தங்கள் நேரத்தில் 15 சதவீதத்தை சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்ற வழக்கம் 1948 முதல் இருக்கிறது. அங்கே 1968-ல் ஸ்பென்சர் சில்வர் என்ற விஞ்ஞானி பலமான பசை ஒன்றைத் தயாரிக்கப் போய், சரியாக ஒட்டாத, லேசாக உரித்து எடுக்கக்கூடிய பசை ஒன்று வந்துவிட்டது. சாதாரணமாக அது 'ஃபெயில்' ஆன முயற்சி. ஆனால் அவர் அதைத் தூக்கிப்போடாமல் சக ஊழியர்களிடம் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த தாள் கீழே விழுந்துகொண்டே இருந்ததில் கடுப்பான ஆர்ட் ஃப்ரை என்ற ஊழியருக்கு 1974-ல் அந்தப் பசை ஞாபகம் வந்தது. 1980-ல் 'போஸ்ட்-இட்' சந்தைக்கு வந்தது. உலகம் முழுக்க ஆபீஸ் மேஜைகளில் இன்று ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன மஞ்சள் தாள் அதுதான்.

தவறைச் சொல்ல பயமில்லாத இடத்தில்தான் இது நடக்கும். ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு தலைகீழ் முடிவு கிடைத்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்ததால் அல்ல, செய்த தவறை மறைக்காமல் சொன்னதால். மற்ற இடங்களில் திட்டுக்குப் பயந்து வாயே திறக்கவில்லை. இதைத்தான் அவர் 'உளவியல் பாதுகாப்பு' என்றார். பின்னாளில் கூகுள் தன் குழுக்களை ஆராய்ந்தபோதும், நன்றாகச் செயல்படும் குழுவுக்கு மிக முக்கியமான அம்சமாக இதுவே வந்தது.

பத்து, பன்னிரண்டு வருஷம் 'தப்பா சொன்னா அடி விழும்' என்று பள்ளியில் பழகிய ஒருவரை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே "தைரியமா புது ஐடியா சொல்லுங்க" என்றால் எப்படிச் சொல்வார்?

வாட்ஸ்அப்பில் வரும் '98 சதவீதம்' உண்மையா?

"5 வயதில் 98 சதவீதக் குழந்தைகள் மேதைகள், பெரியவரானதும் 2 சதவீதம்தான். நாசா ஆய்வு" என்று ஒரு தகவல் அடிக்கடி சுற்றும். இது ஜார்ஜ் லேண்ட் என்பவர் தன் சோதனையைப் பற்றி புத்தகத்தில் எழுதியது. மற்ற நிபுணர்கள் சரிபார்த்து வெளியிடும் ஆய்வு இதழில் வந்த முடிவு அல்ல. எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

உறுதியான தரவு வேண்டும் என்றால், அமெரிக்காவில் கியுங் ஹீ கிம் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. டோரன்ஸ் படைப்பாற்றல் தேர்வு எழுதிய சுமார் 2.7 லட்சம் பேரின் மதிப்பெண்களை அவர் பார்த்தார். 1990-க்குப் பிறகு மதிப்பெண் குறைந்துவந்தது. குறிப்பாக, மூன்றாம் வகுப்பு வரையிலான சின்னக் குழந்தைகளிடம் சரிவு தெளிவாக இருந்தது.

இந்தியா எங்கே நிற்கிறது?

உலகப் புதுமைக் குறியீட்டில் 2015-ல் 81-வது இடத்தில் இருந்த இந்தியா, 2025-ல் 38-வது இடத்துக்கு வந்திருக்கிறது. நல்ல முன்னேற்றம். ஆனால் ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதம்தான். தென் கொரியா சுமார் 5 சதவீதம் செலவிடுகிறது. தனியார் நிறுவனங்களை ஆராய்ச்சிக்கு இழுக்க ரூ.1 லட்சம் கோடி நிதித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தது.

பள்ளி அளவில் அடல் டிங்கரிங் லேப் திட்டம் இருக்கிறது. 3டி பிரிண்டர், எலக்ட்ரானிக்ஸ் பாகங்களோடு 6 முதல் 12-ம் வகுப்பு வரையிலான மாணவர்கள் சொந்தமாகச் செய்து பார்க்கும் கூடம் இது. நாடு முழுக்க சுமார் 10,000 பள்ளிகளில் இது அமைக்கப்பட்டது. அடுத்த 5 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 கூடங்கள் என்று 2025 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் செய்முறைகளை நேரில் காட்டும் வானவில் மன்றம் 2022-ல் திருச்சியில் தொடங்கப்பட்டது. செட்டி குழுவின் ஆய்வோடு வைத்துப் பார்த்தால் இவை சரியான திசைதான். ஆனால் கருவி மட்டும் வந்து, அதை வைத்து வேலை செய்யும் மனிதர்களைப் பிள்ளைகள் பார்க்கவே இல்லை என்றால் பாதிதான் கிடைக்கும். லேப் கதவு பூட்டியே இருந்தால் அதுவும் இல்லை.

நம் பிள்ளைகளின் கற்பனைத் திறனை உலகத்தோடு ஒப்பிட முடியுமா? ஓஇசிடி அமைப்பின் பிசா தேர்வில் 2022-ல் முதல்முறையாக 'படைப்பாற்றல் சிந்தனை' சேர்க்கப்பட்டது. முடிவு 2024 ஜூனில் வந்தது. 60-க்கு 41 புள்ளி எடுத்து சிங்கப்பூர் முதலிடம். ஓஇசிடி சராசரி 33. இந்தியா அதில் கலந்துகொள்ளவில்லை. பிசா 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்று பட்டியலின் அடிமட்டத்தில் வந்தன. அதன் பிறகு 2022 சுற்று வரை இந்தியா பிசா பக்கமே போகவில்லை.

அந்த முடிவில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கணக்கில் உலகின் முதல் வரிசையில் இருக்கும் மக்காவ், தைவான், ஹாங்காங் ஆகியவை படைப்பாற்றலில் சராசரி அளவிலோ அதற்குக் கீழேயோதான் வந்தன. ஆனால் சிங்கப்பூர் இரண்டிலும் முதலிடம். அதனால் 'மார்க் வாங்குற பிள்ளைக்கு கற்பனை வராது' என்பதும் சரியில்லை, 'மார்க் வந்தா எல்லாம் வந்துடும்' என்பதும் சரியில்லை. சிங்கப்பூர் 2004-லேயே 'குறைவாகக் கற்பிப்போம், அதிகமாகக் கற்கட்டும்' என்ற கொள்கையை அறிவித்து, பாடச்சுமையைக் குறைக்கும் வேலையில் இறங்கியது.

வீட்டில் என்ன செய்யலாம்?

இதற்கு கோச்சிங் கிளாஸ் தேவையில்லை.

• வேலை நடக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். லேத் பட்டறை, ஆவின் பால் பண்ணை, அச்சகம், தெரிந்த இன்ஜினியரின் ஆபீஸ் என்று எது கைக்கு எட்டுகிறதோ அது. "இதை யார் கண்டுபிடிச்சிருப்பாங்க?" என்று ஒரு கேள்வி போட்டால் போதும்.

• பெண் குழந்தை என்றால், அந்த வேலையைச் செய்யும் ஒரு பெண்ணை நேரில் சந்திக்க வையுங்கள். ஆய்வில் மிகத் தெளிவாக வந்த விஷயம் இது.

• பிள்ளை தானாக விரும்பிச் செய்கிற விஷயத்துக்கு விலை பேசாதீர்கள். முடித்த பிறகு மனசார பாராட்டுங்கள்.

• ஒரு பொருளைக் கொடுத்ததும் உடனே 'இப்படிச் செய்' என்று காட்டாமல், கொஞ்ச நேரம் அவர்கள் கையில் விட்டுப் பாருங்கள்.

• பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்தால் அடிக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் பிரித்தானா என்று மட்டும் பாருங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. காப்புரிமை வாங்கினால்தான் புத்திசாலி என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. காப்புரிமை என்பது எண்ணிப் பார்க்க வசதியான ஓர் அளவுகோல், அவ்வளவுதான். மேலே சொன்ன பட்டியலும் கொஞ்சமாவது நேரமும் அறிமுகமும் இருக்கிற வீடுகளுக்குத்தான் பொருந்தும். காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பி இரவு வீடு திரும்பும் பெற்றோரால் பிள்ளையை எந்த ஆபீஸுக்குக் கூட்டிப்போக முடியும்? அந்தக் குழந்தைக்கு இதைக் காட்ட வேண்டிய இடம் அரசுப் பள்ளியும் பக்கத்தில் இருக்கும் தொழிற்சாலையும்தான்.

தொழிற்பேட்டைகளின் சுவருக்கு அந்தப் பக்கம் ரோபோ ஓடிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் இருக்கும் பள்ளிப் பிள்ளைகள் உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாமல் தினமும் கடந்து போகிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் அந்த கேட்டைத் திறந்துவிட ஒரு கம்பெனிக்கு என்ன செலவாகும்?